தவமணி குடித்த சாறு

உடுமலைப்பேட்டை மில் ரோட்டில் கோயிலைத் தாண்டி இடப்பக்கம் திரும்பினால், பதினோரு வீடுகளும் நடுவில் ஒரு பொதுக் குழாயும் உள்ள கிணத்தடிக் காம்பவுண்டு வரும். கிணற்றை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது, பெயரை மூட யாருக்கும் மனசு வரவில்லை. அந்தக் காம்பவுண்டின் நான்காவது வீட்டில் தவமணி தை மாதத்திலிருந்து தினமும் காலையில் ஒரு டம்ளர் பீட்ரூட் சாறு குடித்தாள். குடித்தது அத்தனையும் மற்ற பத்து வீட்டுக்காரர்களின் உடம்பில் ரத்தமாக ஊறியது, அவள் உடம்பில் மட்டும் ஒரு சொட்டுகூட ஊறவில்லை. அந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் இதை இல்லை என்று சொல்ல மாட்டார்கள். அதுக்கென்னங்க இப்போ என்று வேண்டுமானால் கேட்பார்கள்.

தவமணிக்கு நாற்பத்து நான்கு வயது, கர்ப்பப்பையில் மூன்று கட்டிகள். மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் ரத்தம் நிற்காமல் போய்ப் போய், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கி, நகக்கண்ணெல்லாம் வெளுத்து, குனிந்து கோலம் போட்டு நிமிர்ந்தால் வாசலே ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றது. அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா அவள் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, "பையை எடுத்துடணும்மா. ஆனா இந்த ரத்தத்தை வச்சுக்கிட்டு உங்களை மேசையில படுக்க வைக்க முடியாது," என்றார். ரத்தம் ஏழு புள்ளி இரண்டு இருந்தது, பத்து வேண்டும். ஆபரேஷன் செய்கிற பெரிய டாக்டர் மாதத்தில் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மட்டும்தான் கோயம்புத்தூரிலிருந்து வருவார். அந்தச் செவ்வாய்க்குள் பத்தைத் தொட்டால் அன்றைக்கே எடுத்துவிடலாம், தொடாவிட்டால் இன்னொரு மாதம் ரத்தம் போகும். "இரும்பு மாத்திரை போடுங்க, பீட்ரூட் ஜூஸ் குடிங்க. கூட எலுமிச்சையும் சாத்துக்குடியும் சேத்துக்கங்க, அப்பத்தான் உடம்புல ஒட்டும்," என்று சொல்லி அனுப்பினார்.

அன்றிலிருந்து காலை ஆறு மணிக்கு நாலாம் வீட்டுச் சமையல்கட்டில் ஒரு பூஜை போல இது நடந்தது. உழவர் சந்தையிலிருந்து தழையோடு வாங்கி வந்த பீட்ரூட்டை மண் போக நாலு தண்ணியில் அலசி, தோல் சீவி, மிக்ஸிக்குத் தகுந்த மாதிரி பொடிப் பொடியாக நறுக்கி, சாத்துக்குடியை உரித்து, சுளைக்குச் சுளை விதையைப் பிதுக்கி எடுத்து, ஏனென்றால் ஒரே ஒரு விதை அரைபட்டால்கூட மொத்தமும் கசந்துவிடும், எல்லாவற்றையும் அரைத்து, புருஷன் சென்னியப்பனின் பழைய வேட்டித் துணியில் கொட்டி, முறுக்கிப் பிழிந்து, கடைசியில் அரை எலுமிச்சம்பழத்தை விட்டால், அதுவரை கறுத்துக் கிடந்த சாறு சட்டென்று பளீர்ச் சிவப்பாகத் திரும்பும். அந்த ஒரு நிமிஷம் தவமணிக்குப் பிடிக்கும். மற்றதெல்லாம் எரிச்சல்தான். மிக்ஸி மூடி ஒழுகும், சுவரெல்லாம் தெறிக்கும், முழங்கை வரைக்கும் சாயம் ஏறும், சக்கையை வீணாக்க மனசில்லாமல் பொரியல் செய்தால் சென்னியப்பன் தட்டை ஓரமாகத் தள்ளி வைப்பான். முக்கால் மணி நேரம் நின்று கால் கடுத்தால் ஒரே ஒரு டம்ளர் கிடைக்கும்.

அந்த ஒரு டம்ளரை அவள் சும்மா குடித்துத் தொலைத்திருக்கலாம். குடிக்கவில்லை. தவமணி பிறந்து வளர்ந்த சீமையில் ஒரு ஆள் கண்ணில் பட்டால் அவரைக் கேட்காமல் எதையும் வாயில் வைக்க மாட்டார்கள். "குடிக்கறீங்களா?" என்று கேட்க வேண்டும். கேட்டதற்காக அவர் வாங்கிவிடவும் கூடாது. "நீங்க குடிங்க, நீங்க குடிச்சா நான் குடிச்ச மாதிரிதானுங்க" என்று சொல்ல வேண்டும். கேட்பது மரியாதை, வேண்டாம் என்பது அதைவிடப் பெரிய மரியாதை, இரண்டு பக்கமும் மனசு நிறைந்து அவரவர் வேலையைப் பார்க்கப் போவார்கள். கொங்கு நாட்டில் ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை இந்தப் பேச்சு நடக்கிறதோ தெரியாது, அதனால் யாருக்கும் எங்கேயும் வயிறு நிறைந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. கிணத்தடிக் காம்பவுண்டில் நிறைந்தது.

தவமணியின் சமையல்கட்டு ஜன்னல் சரியாகப் பொதுக் குழாயைப் பார்த்து இருந்தது. முனிசிபாலிட்டித் தண்ணீர் ஆறே முக்காலுக்கு வரும். அவள் சாறு வடிகட்டி முடிப்பதும் ஆறே முக்காலுக்குத்தான். பத்து வீட்டுக் குடங்களும் ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நிற்க, அவள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கேட்டாள், அவர்களும் ஒவ்வொருவராக மரியாதையாகச் சொன்னார்கள். வீட்டுக்குள்ளே சென்னியப்பனும் சொன்னான். அவனுக்குப் பீட்ரூட்டின் மண் வாசம் பிடிக்காது, டம்ளர் அடியில் மிஞ்சிய சாற்றை அவள் நீட்டுவாளோ என்ற பயத்தில் அவள் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவான்.

மாசியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஏழு. "ஒழுங்கா சாப்பிடறீங்களா இல்லையா?" என்று டாக்டரம்மா கேட்டார். சாப்பிடுகிறேன் என்று தவமணி இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாள். விரலெல்லாம் சாயம் ஏறிக் கிடந்தது. "கையில இருக்கு, உள்ள காணோமே," என்றார் டாக்டரம்மா. அந்த மாதச் செவ்வாய் அப்படியே போயிற்று.

முதலில் கண்டுபிடித்தது ஐந்தாம் வீட்டு சுலோச்சனா. தையல் மிஷின்காரி, ஒல்லிக்குச்சி, எந்நேரமும் தலை சுற்றுகிறது என்று மிஷின் மேலேயே தலையைக் கவிழ்த்துக் கிடப்பவள். பங்குனியில் அவள் ஒரே மூச்சில் பதினாறு ஜாக்கெட் தைத்து முடித்துவிட்டு இன்னும் துணி இருக்கிறதா என்று கேட்டாள். கன்னம் இரண்டும் மினுமினு என்றிருந்தன. ரேஷன் கடைக்குப் பக்கத்தில் இலவச ரத்தப் பரிசோதனை முகாம் போட்டிருந்தபோது காம்பவுண்டே திரண்டு போயிற்று. சுலோச்சனாவுக்குப் பதினான்கு. இரண்டாம் வீட்டு நாச்சிமுத்து, மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், காம்பவுண்டு சங்கத்துச் செயலாளர், அவருக்குப் பதினாறு. ஒன்பதாம் வீட்டில் மூன்று வருஷமாக இரும்பு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமியாருக்குப் பதினைந்து. முகாமில் இருந்த பெண் மிஷின்தான் கெட்டுவிட்டது என்று வேறு மிஷின் கொண்டுவரச் சொன்னாள். வேறு மிஷினும் அதையே சொல்லிற்று. தவமணிக்கு மட்டும் ஆறு புள்ளி ஒன்பது.

காம்பவுண்டில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. நாச்சிமுத்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "நம்ம சொன்னது பலிச்சுப்போச்சுங்க. வேறென்ன?" என்றார். கரண்டு எந்தக் கம்பியில் போனால் எந்த வீட்டில் விளக்கு எரியும் என்று முப்பது வருஷம் பார்த்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அன்று மாலையே ஒன்பதாம் வீட்டு மாமியார் மிச்சமிருந்த இரும்பு மாத்திரைகளைக் குப்பையில் போட்டாள்.

"அப்போ இனி அப்படிச் சொல்லாதீங்க," என்றாள் தவமணி. அழுகை வந்தது அவளுக்கு, அடக்கிக்கொண்டு சொன்னாள். "எனக்கு ஆபரேஷன் ஆகணும். உங்களுக்கே தெரியுமில்லீங்களா?"

"ஐயோ, தெரியாமலாங்க்கா?" என்றாள் சுலோச்சனா. "நாளையிலருந்து வாயே தொறக்க மாட்டோம். நீங்க நிம்மதியாக் குடிங்க. நீங்க குடிச்சா நாங்க குடிச்ச..." பாதியில் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அதற்குள் பாதி போயிருந்தது.

இதுதான் தவமணிக்குத் தாங்க முடியாததாக இருந்தது. யாரும் கெட்டவர்கள் இல்லை. திருட்டுத்தனமாகச் சொன்னவர்கள்கூட ஒரு கூச்சத்தோடுதான் சொன்னார்கள், குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கிற சாக்கில் முணுமுணுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். பிறகு கூச்சமும் விட்டுப் போயிற்று. வாக்கியம் தேய்ந்து "குடிச்ச மாதிரிதானுங்க" ஆயிற்று, அதுவும் தேய்ந்து "மாதிரிதானுங்க" ஆயிற்று, வைகாசி பிறந்தபோது ஜன்னல் பக்கம் பார்த்து ஒரு தலையாட்டல் போதும் என்றாகிவிட்டது. அவள் ஜன்னலைச் சாத்தினாள், கதவுக்கு வெளியிலிருந்து சொன்னார்கள். குளியலறைக்குள் கொண்டுபோய்க் குடித்தாள், அவள் குடிக்கிற நேரம் தெரியும் என்பதால் அவரவர் வீட்டில் இருந்தபடியே சொன்னார்கள். டம்ளரைத் தூக்குச்சட்டியில் ஊற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்துபோய் அங்கே பெஞ்சில் உட்கார்ந்து குடித்தாள், எதிரே இருந்த முன்பின் தெரியாத ஒரு பெரியவர் தன்னை அறியாமல் தூக்குச்சட்டியைப் பார்த்துவிட, நாக்கு பழகிய பழக்கத்தில் அவளே அவரைக் கேட்டுவிட்டாள், அவரும் பழகிய பழக்கத்தில் சொல்லிவிட்டு, திருப்பூர் பஸ்ஸில் தெம்பாக ஏறிப் போனார். அன்று தவமணி பஸ் ஸ்டாண்டிலேயே தலையில் அடித்துக்கொண்டாள்.

சங்கம் சும்மா இருக்கவில்லை. நாச்சிமுத்து கூட்டம் போட்டார். வெளியூர் ஒறம்பறைக்காரர்கள், அவரவர் வீட்டு விருந்தாளிகள், அதிகாலையில் வந்து குழாயடியில் நிற்பதால் காம்பவுண்டுக்காரர்களுக்குச் சேர வேண்டியது குறைகிறது என்று புகார் வந்ததால், காலை ஏழு மணி வரை வெளியாட்களுக்குக் கேட் திறக்கக் கூடாது என்று முடிவாயிற்று. தவமணி ஒருத்தியே சிரமப்படுகிறாளே என்று இரக்கப்பட்டு, வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்து அவள் வாசலில் பீட்ரூட்டும் எலுமிச்சையும் சாத்துக்குடியும் கொண்டுவந்து வைத்தார்கள். ஒரு டம்ளர் எல்லோருக்கும் பற்றவில்லை என்று மூன்று டம்ளர் ஆக்கினார்கள். மூன்று டம்ளர் அரைக்க அவள் ஐந்து மணிக்கே எழ வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு பக்குவத்தில் தகராறு வந்தது. "நேத்து எலுமிச்சை தூக்கலாப் போச்சுங்க, எனக்கு நாளெல்லாம் நெஞ்சு கரிச்சுது," என்றார் நாச்சிமுத்து. முழுகாமல் இருந்த ஏழாம் வீட்டு மருமகளுக்குப் புளிப்புத் தூக்கலாக வேண்டும். சர்க்கரை வியாதிக்காரர்கள் இரண்டு பேர் சாத்துக்குடியை நிறுத்தச் சொன்னார்கள். ஒன்பதாம் வீட்டு மாமியார் சுக்குத் தட்டிப் போட்டால் வாயு சேராது என்றாள், அவள் மருமகள் சுக்கு சூடு என்றாள், இரண்டு பேரும் தவமணியின் ஜன்னலடியில் நின்று சண்டை போட, உள்ளே தவமணி தன் வாய்க்குப் பிடித்தது எது என்பதே மறந்துபோய் மிக்ஸியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் குடிக்கிற சாறு, அதில் அவள் ருசி ஒன்றுதான் இல்லை.

"நீங்களாவது சொல்லாம இருங்களேன்," என்று சென்னியப்பனிடம் கெஞ்சினாள். பஞ்சாலையில் பகல் ஷிப்டுக்குப் போகிறவன், நாற்பத்தொன்பது வயதில் மாப்பிள்ளைக் களையோடு சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். அவன் நல்லவன்தான். அவளை அடித்ததில்லை, வைததில்லை. "சத்தியமாச் சொல்ல மாட்டேன்," என்றான். மறுநாள் காலை அவள் டம்ளரை எடுத்தபோது அவன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தவில்லை. "நீ குடி தவமணி, நான் குடிச்ச மாதிரிதான்," என்றான். சொன்னது அவனுக்கே தெரியவில்லை. இருபத்து மூன்று வருஷமாக அவள் நீட்டிய எதையும் தட்டிக் கழிக்க அவன் சொல்லி வந்தது அதுதான்.

அவளும் திருப்பிச் சொல்லிப் பார்க்காமல் இல்லை. இவர்கள் குடிக்கட்டும், நான் குடித்த மாதிரி என்று சொன்னால் அது எனக்கு ஊறாதா என்று யோசித்து, ஆனியில் ஒரு காலை மூன்று டம்ளரையும் தட்டத்தில் வைத்துக்கொண்டு வாசல் வாசலாகப் போனாள். சுலோச்சனா மூக்கைப் பொத்திக்கொண்டு, "எனக்கு மண் வாசம் ஆகாதுங்க்கா, கொமட்டும்," என்றாள். நாச்சிமுத்து அன்றைக்குக் கிருத்திகை விரதம் என்றார். ஒன்பதாம் வீட்டு மாமியாருக்குச் சளி. ஏழாம் வீட்டு மருமகள் வாங்கினாள், உதட்டில் வைத்தாள், வாசலுக்கு ஓடிப்போய்த் துப்பினாள். பத்து வீடும் சுற்றி வந்தபோது தட்டத்தில் மூன்று டம்ளரும் அப்படியே இருந்தன. காம்பவுண்டில் அத்தனை பேர் உடம்பிலும் பீட்ரூட் ரத்தம் ஓடிற்று, ஒருவருக்கும் பீட்ரூட் பிடிக்காது.

அன்றைக்குத் தவமணி மூன்று டம்ளரையும் சாக்கடையில் கொட்டினாள். நின்று, நிதானமாக, எல்லோரும் பார்க்கக் கொட்டினாள். மூன்று நாள் மிக்ஸியைத் தொடவில்லை. மூன்றாம் நாள் சுலோச்சனா மறுபடி மிஷின் மேல் தலை கவிழ்ந்தாள், நாச்சிமுத்துவுக்கு மாடிப்படியில் கால் தள்ளாடிற்று. யாரும் வந்து சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் அவளுக்கும் நாலு வார்த்தை கேட்கச் சௌகரியமாக இருந்திருக்கும். ஆளுக்கொரு பையோடு வந்து வாசலில் உட்கார்ந்து, "உங்களுக்கு உடம்பு சரியில்லீங்களா? எதுக்குங்க இப்படி வயித்தக் காயப் போடறீங்க? எங்களுக்காக ஒரே ஒரு மொடக்கு குடிங்க," என்று அன்பாகக் கேட்டார்கள். ஏழாம் வீட்டு மருமகள் மேடிட்ட வயிற்றைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்ததும் தவமணி எழுந்து போய் பீட்ரூட்டைக் கழுவினாள். கழுவும்போது தன் மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

ஆடியில், இரண்டாவது செவ்வாய்க்கு இன்னும் ஐந்து நாள் இருந்தபோது, ஆறே முக்கால் மணிக்கு, இரண்டாவது டம்ளர் கையில் இருக்க அவள் ஜன்னலடியிலேயே சாய்ந்தாள். சாறு சுவரெல்லாம் தெறித்தது. பத்து வீட்டுக் குடங்களும் குழாயடியில் கிடக்க, காம்பவுண்டே பதறிப் போய் இரண்டு ஷேர் ஆட்டோவில் அவளோடு ஆஸ்பத்திரிக்கு வந்தது. ரத்தம் ஐந்து புள்ளி எட்டு.

டாக்டரம்மாவுக்கு இந்தத் தடவை கோபம் வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சென்னியப்பனைத் தனியாகக் கூப்பிடாமல் எல்லோர் முன்னாலும் சொன்னார். "இனி ஜூஸ் மாத்திரையெல்லாம் வேலைக்கு ஆகாது. இன்னொரு மாசம் இந்தம்மா தாங்க மாட்டாங்க. மூணு பாட்டில் ரத்தம் ஏத்தணும், ஏத்திட்டு வர்ற செவ்வாய்க்கிழமையே எடுத்துடணும். அவங்களது பி நெகட்டிவ். அது லேசுல கிடைக்காது, நம்ம பேங்க்ல ஒரு பாட்டில்கூட இல்ல. கோயம்புத்தூர்லயும் இல்லைங்கறாங்க."

நாச்சிமுத்து ஒரு அடி முன்னால் வந்தார். செயலாளர் என்ற முறையில் இப்படிப்பட்ட இடத்தில் சொல்ல வேண்டியது என்ன என்று அவருக்குத் தெரியும். நெஞ்சில் கை வைத்து, "டாக்டரம்மா, எங்க காம்பவுண்டே இங்க நிக்குதுங்க. யார் கையில வேணும்னாலும் ஊசி போட்டு எத்தன பாட்டில் வேணுமோ எடுத்துக்கங்க. அவங்க வேற, நாங்க வேற இல்லீங்க," என்றார். பின்னால் நின்ற எல்லோரும் ஆமாமுங்க, ஆமாமுங்க என்றார்கள். சுலோச்சனா ஜாக்கெட் கையை முழங்கைக்கு மேல் இழுத்துவிட்டே காட்டினாள். அவள் குரூப் ஓ பாசிட்டிவ் என்று அவளுக்குத் தெரியும். நாச்சிமுத்துவினுடையது ஏ ஒன். இருபது பேரில் ஒருவர்கூட பி நெகட்டிவ் கிடையாது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால், யாருக்கும் சொல்வதில் எந்தச் சங்கடமும் இருக்கவில்லை.

டாக்டரம்மா கொங்கு நாட்டுக்காரர் இல்லை. சொன்னால் சொன்னதாக எடுத்துக்கொள்கிறவர். "ரொம்ப நல்லதுங்க. எல்லாரும் போய் லேப்ல விரலைக் காட்டுங்க," என்றார்.

லேபில் இருந்த பெண் கண்ணாடிச் சில்லில் ஒவ்வொரு சொட்டாக வைத்துப் பார்த்தாள். சுலோச்சனா, பி நெகட்டிவ். நாச்சிமுத்து, பி நெகட்டிவ். ஒன்பதாம் வீட்டு மாமியார், அவள் மருமகள், ஏழாம் வீட்டு மருமகளின் புருஷன், பத்தாம் வீட்டில் போன மாதம்தான் குடி வந்த பேங்க் கிளார்க், எல்லோரும் பி நெகட்டிவ். சென்னியப்பன் சட்டைப் பையிலிருந்து டிரைவிங் லைசென்ஸை எடுத்து நீட்டினான். "இதுல ஓ பாசிட்டிவ்னு போட்டிருக்குதுங்களே," என்றான்.

"அது எப்ப எடுத்ததோ என்னமோ. இப்ப இதுதாங்க உங்களுக்கு ஓடுது," என்றாள் லேப் பெண். "எல்லாருக்கும் பதினாலு, பதினஞ்சு. இப்படி ஒரு தெரு ஆளுங்கள நான் பாத்ததே இல்ல. யாராவது மூணு பேர் படுங்க."

பேங்க் கிளார்க்குக்கு ஆபீசுக்கு நேரமாயிற்று. மாமியாருக்கு ஊசி என்றால் மயக்கம், மருமகள் மாமியாரைக் கூட்டிக்கொண்டு வெளியே காற்று வாங்கப் போனாள். ஏழாம் வீட்டு மருமகளின் புருஷனுக்குப் போன வாரம் காய்ச்சல் இருந்ததாம், அவன் மனைவிக்கே அது புதுச் செய்தியாக இருந்தது. நாச்சிமுத்து வாசல் பக்கம் பார்த்தார். வாசலில் டாக்டரம்மா நின்றுகொண்டிருந்தார். "வாங்க ஐயா, நீங்கதான முதல்ல சொன்னீங்க," என்றார். வேறு வழியில்லாமல் நாச்சிமுத்து செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தார். ஜாக்கெட் கையை ஏற்கெனவே இழுத்துவிட்டிருந்த சுலோச்சனாவால் இறக்கிவிட முடியவில்லை. மூன்றாவது கட்டிலைப் பார்த்து நின்ற சென்னியப்பனை லேப் பெண் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். ஊசி ஏறும்போது அவன் கண்ணை மூடிக்கொண்டான். ரப்பர் குழாயில் இறங்கிய ரத்தம் கறுப்பில்லாமல், எலுமிச்சை விட்ட பீட்ரூட் சாறு மாதிரி பளீரென்று சிவந்து இறங்கிற்று.

மூன்று நாளில் மூன்று பாட்டிலும் தவமணிக்கு ஏறின. ஏறும்போது அவளுக்கு எதுவும் புதிதாகத் தெரியவில்லை. வெளியூர் போயிருந்தவர் வீடு திரும்பிக் காலை நீட்டிப் படுக்கிற மாதிரி மட்டும் இருந்தது. ஆறு மாதமாகக் காலையில் நின்று அரைத்தது, பிழிந்தது, விதை எடுத்தது எல்லாம் இப்போதுதான் வந்து சேர்ந்தது. நகக்கண்ணை அமுக்கிப் பார்த்தாள், வெளுத்து உடனே சிவந்தது. அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திங்கட்கிழமை சாயங்காலம் பத்து புள்ளி மூன்று.

செவ்வாய்க்கிழமை காலை ஆபரேஷனுக்கு முன்னால் பத்து வீடும் வார்டுக்குள் வந்துவிட்டது. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்திருந்தார்கள். நாச்சிமுத்துவும் சுலோச்சனாவும் முழங்கையில் ஒட்டிய பஞ்சைப் பிய்க்காமலே வைத்திருந்தார்கள். ரத்த தானம் செய்ததற்குக் கொடுத்த அட்டையைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு நாச்சிமுத்து சட்டைப் பையில் வெளியே தெரிகிற மாதிரி வைத்திருந்தார். பக்கத்துக் கட்டில்காரியிடம் சுலோச்சனா நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள், ஊசி எவ்வளவு பெரியது என்று விரலை நீட்டிக் காட்டினாள். "இப்படி ஒரு அக்கம்பக்கம் யாருக்குக் கிடைக்கும், குடுத்து வச்சவங்க நீங்க," என்று பக்கத்துக் கட்டில்காரி தவமணியைப் பார்த்துச் சொன்னாள்.

"இனி அவங்க உடம்புல ஓடறது எங்க காம்பவுண்டு ரத்தமுங்க," என்றார் நாச்சிமுத்து.

சொல்லிவிட்டு எல்லோரும் தவமணியின் முகத்தைப் பார்த்தார்கள். இந்த இடத்தில் சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்று இருந்தது, அதைச் சொல்ல அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. உங்க புண்ணியத்துல எந்திரிச்சு வந்துருவேனுங்க என்றால் போதும், எல்லோர் மனசும் நிறைந்துவிடும், பிறகு அவர்கள் அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க என்பார்கள். நாற்பத்து நான்கு வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் அப்படிப்பட்ட இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை. அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தும் விட்டது. அவள் அதை விழுங்கினாள். பச்சை பீட்ரூட்டை விழுங்குகிற மாதிரி இருந்தது.

"ஏதாச்சும் சொல்லு தவமணி," என்றான் சென்னியப்பன் மெல்ல. "எத்தன நேரமா நிக்கறாங்க."

தவமணி நகக்கண்ணை அமுக்கிப் பார்த்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டில்காரி பார்வையைத் திருப்பிக்கொண்டாள். நாச்சிமுத்துவின் சிரிப்பு முகத்தில் கொஞ்ச நேரம் நின்று, பிறகு எங்கே போவது என்று தெரியாமல் கரைந்தது. அதற்குள் தள்ளுவண்டியோடு நர்ஸ் வந்துவிட்டாள். கையில் அட்டையும் பேனாவும் இருந்தன.

"கேஸ் ஷீட்ல ஒரு இடம் எழுதாம இருக்கு," என்றாள் நர்ஸ். "இவங்களுக்கு ரத்தம் கொடுத்தது யாருங்க?"

நாச்சிமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டு பையிலிருந்த அட்டையை எடுத்தார்.

"தவமணின்னு எழுதுங்க," என்றாள் தவமணி.

"அது உங்க பேரும்மா. கொடுத்தவங்க பேரைக் கேக்கறேன்."

"அதத்தானுங்க சொல்றேன். கொடுத்ததும் தவமணிதான்."

நர்ஸ் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி கட்டிலைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். சுலோச்சனா முழங்கைப் பஞ்சைக் கையால் மறைத்தாள். சென்னியப்பன் தரையைப் பார்த்தான். நாச்சிமுத்து அட்டையை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார். பத்து வீட்டில் ஒருவர்கூட அதை இல்லை என்று சொல்லவில்லை.

நர்ஸ் எழுதிக்கொண்டாள். பிறகு தள்ளுவண்டியைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்தி, "பிடிச்சு ஏத்தணுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தவமணி தானே எழுந்து, ஏறிப் படுத்தாள்.